வீரம்மா மிஸ் குறைத்த இரண்டு புள்ளிகள்

கண்டியிலிருந்து அம்பிட்டிய போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்தில் 'பியானோ மிஸ் வீடு' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். வீரம்மா வீடு என்று கேட்டால் விழிப்பார்கள். கறுப்புப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஐரோப்பாவின் பதினேழு நகரங்களில் மேடையேறிப் பியானோ வாசித்த ஒருவருக்கு வீரம்மா என்று பெயர் இருக்கக்கூடும் என்று ஊர் நினைக்கவில்லை. ஐரோப்பாக்காரர்களும் நினைக்கவில்லைதான். ஒரு கச்சேரி அமைப்பாளர், விளம்பரத்துக்கு ஏற்ற மாதிரி சின்னதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வைத்தவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும், அவர் கண்டியில் இருக்கிறார் என்று வீரம்மா சொல்லிவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வைத்தவர் மூக்கையா. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணியோடு வாய்த்தகராறாகி, பெண்டாட்டி பிள்ளையோடு கண்டிக்கு வந்து, ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் காவலாளியாகச் சேர்ந்தவர். கூட்டுவது, மணியடிப்பது, கேட்டைப் பூட்டுவதோடு மண்டபத்துப் பியானோவும் அவர் பொறுப்பு. கண்டி ஈரத்துக்கு மரம் ஊதி, கட்டைகள் அழுத்தினால் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பியானோவின் வயிற்றுக்குள் எந்நேரமும் ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டிருக்கும். அது அணைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகும் தகப்பனோடு மகளும் போவாள். மிச்சமெல்லாம் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக நடப்பதுதான். மகள் வாசித்ததை ஒரு வெள்ளைக்கார மிஸ் கேட்டார், வியந்தார், சொல்லிக்கொடுத்தார், சோதனைகள் வந்தன, உபகாரச் சம்பளம் வந்தது. அதையெல்லாம் பாராட்டு விழாக்களில் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நமக்கு வேண்டியது வேறு.

1961இல் வீரம்மா லண்டனுக்குப் புறப்பட்டபோது அவர் கையில் பாஸ்போர்ட் இல்லை. சுதந்திரம் கிடைத்த கையோடு பிரஜாவுரிமை பறிபோன லட்சக்கணக்கான தோட்டத்துச் சனங்களில் மூக்கையாவின் குடும்பமும் அடக்கம். ஆறு மாதம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து ஒரு பயணப் பத்திரம் வாங்கினார்கள். ஆறு வருடம் கழித்து ஒரு சர்வதேசப் போட்டியில் கலந்துகொண்டபோது, அச்சடித்த பட்டியலில் எல்லாருடைய பெயருக்கு நேரேயும் நாட்டின் பெயர் இருந்தது. வீரம்மாவின் பெயருக்கு நேரே ஒரு கோடு இருந்தது. அவருக்கு அது பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது வேறொன்று.

அந்தப் போட்டியில் அவருக்கு இரண்டாம் இடம். ஏழு நடுவர்களில் ஒருவர் அவருடைய லண்டன் ஆசிரியை. அந்தக் காலத்தில் அதைத் தடுக்கும் விதி கிடையாது. பரிசளிப்பு முடிந்து ஒப்பனை அறைக்குத் திரும்பும் வழியில், கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. நாடில்லாத பெண், போதாததற்கு ஆசிரியை வேறு நடுவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டாம் இடம் என்ன, முதலிடமே கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார். வீரம்மாவின் கையில் பூங்கொத்து இருந்தது. அதை அங்கேயே ஒரு கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தான் நன்றாகத்தான் வாசித்தோமா என்று அவருக்கு அதன் பிறகு நிச்சயமாகத் தெரிந்ததே இல்லை.

கச்சேரிப் பியானோக்காரர்களின் வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்கத்தான் ஜொலிக்கும். முப்பத்தைந்து வயதுக்குள் பெரிய பெயர் வந்தால் வந்தது. இல்லையென்றால் சின்ன நகரம், பாதி நிரம்பிய மண்டபம், யாரோ எப்போதோ சுருதி கூட்டிய பியானோ என்று காலம் ஓடும். பிறகு சொல்லிக்கொடுக்கப் போவார்கள். சொல்லிக்கொடுத்துப் பெயர் வந்தால் போட்டிகளுக்கு நடுவராக அழைப்பு வரும். வீரம்மாவும் அதே பாதையில்தான் போனார். 1977இல் மூக்கையா படுக்கையில் விழுந்தபோது கண்டிக்குத் திரும்பி, பிறகு திரும்பிப் போகவில்லை. அம்பிட்டிய வீட்டின் முன்னறையில் ஒரு பியானோவைப் போட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்கள் வெளிநாட்டுக் கல்லூரிகளில் இடம் பிடித்ததும் நடுவர் அழைப்புகள் வரத் தொடங்கின.

நடுவர் வேலையைப் பெரிய கௌரவம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைக்கும் ஒரே பாட்டை முப்பது பேர் வாசிக்கக் கேட்க வேண்டும். முதுகு பிடித்துக்கொள்ளும். பத்தாவது ஆளுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். அதற்குள் ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும், பக்கத்து நடுவரோடு பேசக் கூடாது. வீரம்மாவுக்கு அதில் நல்ல பெயர். யாருக்கும் வளையாதவர், முகம் பார்க்காதவர் என்று சொல்வார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருந்தது. போட்டி விதிப்படி, கடந்த இரண்டு வருடத்துக்குள் தன்னிடம் படித்தவர் வாசித்தால் நடுவர் புள்ளி போடாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு படித்தவர் என்றால் போடலாம். அப்படிப் பழைய மாணவர் யாராவது மேடைக்கு வந்தால், வீரம்மா தான் கேட்டதற்கு உரிய புள்ளியைப் பென்சிலால் எழுதுவார். பிறகு அதில் இரண்டைக் குறைத்துப் பேனாவால் எழுதி, பென்சில் எழுத்தை அழித்துவிடுவார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் தன் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் எண்ணம். இருபது வருடத்தில் பத்துப் பேருக்கு இப்படிச் செய்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. மனசும் உறுத்தவில்லை, அதுதான் கொடுமை. அதற்கு அவர் நேர்மை என்று பெயர் வைத்திருந்தார்.

பதினோராவது ஆள் றமீஸா. கண்டி டவுனில் புடவைக்கடை வைத்திருந்த மர்சூக் ஹாஜியாரின் மகள். ஒன்பது வருடம் வீரம்மாவிடம் படித்து, ஜெர்மனிக்குப் போய் ஆறு வருடம் படித்தவள். 2003இல் ஒரு போட்டியின் அரையிறுதியில், தலையில் சாம்பல் நிற முக்காட்டோடு அவள் மேடைக்கு வந்தபோது வீரம்மா நடுவர் மேசையில் இருந்தார்.

றமீஸா வாசித்தது பல பகுதிகள் கொண்ட ஒரு நீண்ட சொனாட்டா. அதன் மெதுவான பகுதியில் ஓரிடத்தில் அவள் கையை எடுக்காமல் நிறுத்தினாள். கடைசி சுரம் கரைந்து, கரைந்து, இல்லாமலே போகும்வரைக்கும் காத்திருந்தாள். இசைத்தாளில் அவ்வளவு நீளமான நிறுத்தம் எழுதப்பட்டிருக்கவில்லை. வீரம்மா சொல்லிக்கொடுத்ததும் இல்லை. மண்டபத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. வீரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபது வருடத்தில் நடுவர் மேசையில் அவர் அழுதது அது ஒரு முறைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலால் 23 என்று எழுதினார். அழுததற்காகத் தன்மேல் சந்தேகம் வந்தது. பேனாவால் 21 என்று எழுதினார்.

ஆறு பேர் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். றமீஸா ஏழாவது. ஆறாவது ஆளுக்கும் அவளுக்கும் சராசரியில் கால் புள்ளி வித்தியாசம்கூட இல்லை. குறைத்த இரண்டு புள்ளியை ஏழு நடுவர்களுக்குப் பங்கிட்டாலும் அதைவிடக் கூடுதல் என்று கணக்குப் போட வீரம்மாவுக்குத் தெரியாமலில்லை. அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை.

அடுத்த ஏப்ரலில் றமீஸா லீவில் வந்தாள். உம்மா கொடுத்துவிட்ட வட்டிலப்பத்தை மேசையில் வைத்தாள், சுகம் விசாரித்தாள். அவளாகவே கேட்டாள்.

"மிஸ், அந்தச் சொனாட்டாவ ஒருக்கா வாசிச்சுக் காட்டவா? இப்ப சரியா வந்தீக்கி."

வாசித்தாள். விரல்கள் முன்னைவிடச் சுத்தமாக ஓடின. மெதுவான பகுதி வந்தது, அந்த இடமும் வந்தது. தாளில் உள்ள அளவுக்கு நிறுத்தி, அடுத்ததற்குப் போனாள். வீரம்மாவுக்குப் படியில் கால் தவறியது போல இருந்தது. முடியும்வரை பொறுத்திருந்தார்.

"அங்கன ஒரு எடத்துல நிப்பாட்டுவியே புள்ள. அது எங்க?"

"அத எடுத்துட்டேன் மிஸ்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

றமீஸா கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான். போட்டி முடிஞ்ச பொறகு ஒவ்வொரு நடுவரும் போட்ட புள்ளிய எங்களுக்கு அனுப்பினாங்க. ஆகக் கொறவு உங்கட. மத்தவங்க எல்லாம் இருபத்திரெண்டு, இருபத்திமூணு போட்டீந்தாங்க. அவங்க என்ன நினைச்சுப் போட்டாங்களோ. ஆனா மிஸ் பொய்க்குப் போட மாட்டாங்க என்டு எனக்குத் தெரியும். எங்க பிழைச்சேன் என்டு மூணு மாசம் தேடினேன். தாள்ல இல்லாதது அது ஒண்ணுதான். அதான் எடுத்துட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னாள். பேசாமல் இருந்துவிடலாம். 'பரவாயில்ல, அந்த நிறுத்தத்தத் திரும்பப் போடு' என்று ஒரு யோசனை மாதிரிச் சொல்லிவிட்டால் போதும், வாத்தியார் பெயரும் நிற்கும், பாட்டும் பிழைக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரே இருந்த பெண் மூன்று மாதம் தன் வாசிப்பில் இல்லாத பிழையைத் தேடியிருக்கிறாள். அவளிடம் இன்னொரு பொய்யா?

"பிழை ஒன்னுமில்ல றமீஸா. நான் ஒனக்கு இருபத்திமூணுதான் மொதல்ல எழுதுனேன். என்கிட்டப் படிச்ச புள்ளங்கிறதால ரெண்ட வெட்டிட்டேன். ஒனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அப்படித்தான் செஞ்சேன். அந்த எடத்தக் கேட்டு நான் அழுதேன் புள்ள."

றமீஸா பியானோவின் மூடியை மெல்ல இறக்கி மூடினாள். கோபப்படுவாள் என்று வீரம்மா எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபத்தொண்டு என்டு போட்டீங்க, நம்பினேன்" என்றாள். "இப்ப இருபத்திமூணு என்டு சொல்றீங்க. இத எப்படி மிஸ் நான் நம்புறது?"

நீ நன்றாகத்தான் வாசித்தாய் என்று லண்டன் ஆசிரியை எத்தனை சத்தியம் செய்திருந்தாலும் அன்றைக்குத் தானும் நம்பியிருக்க மாட்டோம் என்பது வீரம்மாவுக்குத் தெரிந்தது. றமீஸா மரியாதையாக எழுந்து, போயிட்டு வாரேன் மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த லீவில் மறுபடி வரவில்லை.

வீரம்மா அந்த வாரமே போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பதினொரு பேரின் பெயர், வருடம், பென்சிலால் எழுதிய புள்ளி, பேனாவால் எழுதிய புள்ளி எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரிசையாக எழுதினார். ஒரு பெயரும் மறக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பிரதி அனுப்பினார். றமீஸாவிடமிருந்து பதில் வரவில்லை. மற்றவர்களில் இரண்டு பேர் எழுதினார்கள். அதில் ஒருவர் கொழும்பில் வங்கியில் வேலை செய்கிறார். பியானோவைத் தொட்டு எட்டு வருடம் ஆகிறது, ஆனாலும் சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். வீரம்மா அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

போட்டிக் குழுவின் பதில் இரண்டு மாதம் கழித்து, நல்ல தடித்த தாளில் வந்தது. அறிவித்த முடிவுகளை மாற்ற விதியில் இடமில்லை என்று வருந்தியிருந்தார்கள். தம் மாணவர்களிடம்கூட இவ்வளவு கண்டிப்பாக நடந்துகொண்ட, அதையும் தாமாகவே முன்வந்து சொன்ன ஒருவரைத் தாங்கள் கண்டதில்லை என்றும், அடுத்த போட்டிக்கு நடுவர் குழுவின் தலைவராகவே வர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள்.

வீரம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, வர இயலாது, காதால் கேட்டதை எழுதாத நடுவர் நான் என்று பதில் எழுதினார். அதைத் தபாலில் போட அவரே கண்டி டவுனுக்குப் போனார். போகிற வழியில் மர்சூக் ஹாஜியாரின் கடை. வாசலில் நின்று, றமீஸா போன் பண்ணினாளா, என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று கேட்டார். சுகமாக இருக்கிறாள், வேறொன்றும் கேட்கவில்லை என்று ஹாஜியார் சொன்னார்.