பதின்மூன்றாவது முறை

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது அவளுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன். அவளுக்கு நான்கு வயதாகும்வரை மறைத்தேன். என் கணவரிடம், டாக்டரிடம், எல்லோரிடமும்...

இதை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் சொல்ல முடிகிறது.

அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டில் இருந்தோம். இப்போதும் அதே வீடுதான். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், நானும் என் மகள் சுதாவும்தான். பிறந்த வீடும் புகுந்த வீடும் திருநெல்வேலிப் பக்கம். பேச ஆளில்லை. பேச வேண்டிய வயதில் இருந்த அவளும் பேசவில்லை.

பகல் முழுவதும் நான்தான் அவளோடு பேசிக்கொண்டிருப்பேன். "சுதாக்குட்டி, இது என்ன? நிலா... சொல்லு, நிலா." அவள் என் வாயைப் பார்த்துச் சிரிப்பாள். அவ்வளவுதான்.

ஒன்றரை வயதில் எனக்குப் பயம் வந்தது. ஆனால் நான் படித்தவள் அல்லவா! பி.எஸ்ஸி. இயற்பியல். பயந்து அழுதுகொண்டிருப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து விளையாடும்போது பின்னால் போய் நின்று, பித்தளைச் சொம்பைக் கீழே போட்டேன். சட்டென்று திரும்பினாள்! அப்பாடா என்றிருந்தது. ஒருமுறை போதாது என்று மறுநாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. பன்னிரண்டு கோடுகள். பன்னிரண்டு முறையும் திரும்பினாள்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்றும் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து சோதனை ஓட்டத்துக்கு ராணுவ டேங்க் வண்டிகளை எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள சாலையில் ஓட்டிப் போவார்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் சுதா திடீரென்று எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாள். அவள் ஓடிய பிறகுதான் எனக்கு அந்த உறுமல் கேட்கும். "பாத்தியா லலிதா! நமக்கு முன்னாடியே இவளுக்குக் கேட்டுருது. பாம்புக் காது!" என்று என் கணவர் பெருமையோடு சொல்வார். நானும் சிரிப்பேன்.

நமக்கு முன்னாடியே... அந்தச் சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். ஒரே அறையில் இருக்கும் இருவரில் ஒருத்திக்கு மட்டும் ஒலி எப்படி முன்னதாக வந்து சேரும்? கல்லூரியில் இதையெல்லாம் படித்துத்தானே தேர்வு எழுதினேன்!

ஒரு நாள் சுதா கட்டிலில், மெத்தைமேல் உட்கார்ந்து சோப்பு டப்பாவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். டேங்க் வந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. சுதா தலையை உயர்த்தவில்லை. டப்பாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

அப்போதுதான் புரிந்தது. அவளுக்குச் செய்தி சொன்னது காது இல்லை, தரை. சொம்பு விழும்போதும் தரை அதிர்ந்திருக்கும். பன்னிரண்டு முறையும் அதிர்ந்திருக்கும்...

அடுத்த நாள் பகலில் பதின்மூன்றாவது சோதனையைச் செய்தேன். மெத்தையை மடித்துப் போட்டு அதன்மேல் அவளை உட்காரவைத்தேன். என் நிழல் விழாத பக்கமாகப் பின்னால் போனேன். இம்முறை எதையும் கீழே போடவில்லை. எவர்சில்வர் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடித்தேன். ஓங்கி அடித்தேன். கீழ்வீட்டு நாய்கூடக் குரைத்தது! சுதா திரும்பவில்லை. அவளுடைய பின்னங்கழுத்தில் வியர்க்குரு இருந்தது. இன்றும் அந்தக் கழுத்து என் கண்ணிலேயே நிற்கிறது.

நோட்டில் பதின்மூன்றாவது கோடு போடவில்லை. "விளையாட்டில் மூழ்கிவிட்டாள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு முறை திரும்பியபோது எந்தக் காரணமும் தேடாதவள், திரும்பாத ஒரு முறைக்கு எவ்வளவு விரைவாகக் காரணம் கண்டுபிடித்தேன் பாருங்கள்!

எங்கள் வீட்டுக்குச் சேக்காட்டிலிருந்து கன்னியம்மா என்ற பெண் கீரை கொண்டுவருவாள். என் வயதுதான் இருக்கும். நான்கு வீட்டுக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போவாள். என் கணவரைத் தவிர அந்தப் படியேறி வந்த ஒரே மனிதக் குரல் அவளுடையதுதான்.

அந்த வாரமே அவள் கேட்டாள். "இன்னாம்மா, கொயந்தைய எம்மா நேரமா கூப்ட்டுகினு கீறேன், திரும்பவே மாட்டேங்குது? மகாராணி கணக்கா கீதே! காது கேக்குதா?"

"கேட்கும். விளையாட்டுப் புத்தி."

"கோச்சிக்காத. எங்க ஊட்டாண்ட ஒரு பொண்ணு கீது. அதுவும் இப்டிதான் சிரிச்சிகினே கெடந்துச்சு, வாயே வர்ல. அப்பால பாத்தா காதும்மா! நீ இட்டுகினு போய் டாக்டராண்ட காட்டு."

"ஒரு பிள்ளைக்கு அப்படி என்றால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படியா? ஒன்றை வைத்துக்கொண்டு எப்படி முடிவு சொல்வாய்?"

அவள் கீரைக்கட்டைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "நீ படிச்சவ. உனுக்குத் தெரியாததா நான் சொல்லப் போறேன்?"

அதே வாரம் மாமியாரின் இன்லண்டு கடிதம் வந்தது. "உன் புருஷனும் மூணு வயசு முடிஞ்சுதான் பேசினான். ஒண்ணும் பயப்படாதே" என்று எழுதியிருந்தார். அதை எத்தனை முறை படித்தேன்! தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கன்னியம்மா சொன்னதும் ஒரு பிள்ளையைப் பற்றித்தான். மாமியார் எழுதியதும் ஒரு பிள்ளையைப் பற்றித்தான். ஒன்றை ஆதாரம் போதாது என்று தள்ளினேன். இன்னொன்றை அப்படியே விழுங்கினேன். நான் கற்ற தர்க்கமெல்லாம் எனக்குப் பிடிக்காத வாதத்தை அடிப்பதற்கு மட்டும்தான் பயன்பட்டது.

கன்னியம்மாவிடம் கீரை வாங்குவதை நிறுத்தினேன். பூச்சி இருக்கிறது என்று சொன்னேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அதன்பின் எங்கள் படியில் யாரும் ஏறவில்லை.

இரண்டு வயதில் டாக்டரிடம் போனோம். அவர் முறையாகத்தான் கேட்டார். "சத்தம் கேட்டா திரும்பறாளா?"

"திரும்புவா டாக்டர். சொம்பு விழுந்தா உடனே திரும்புவா."

"டேங்க் வந்தா எங்களுக்கு முன்னாடி ஓடுவா சார்!" என்றார் என் கணவர்.

டாக்டரும் சிரித்துவிட்டார். "அப்போ காது நல்லா கேக்குது. சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். பொறுத்துப் பார்ப்போம்."

நான் பொய் சொல்லவில்லை. சொம்பு விழுந்தால் திரும்புவாள் என்பது உண்மை! மெத்தையைப் பற்றி அவர் கேட்கவில்லை... இப்படித்தான் பல நாள் எனக்கு நானே வாதாடினேன். ஆனால் அந்த அறையில் மெத்தையைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஏன் மறைத்தேன்? வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயமா? பெற்றவளைத்தானே குறை சொல்வார்கள் என்ற பயமா? தெரியவில்லை. திருவேற்காட்டுக் கோயிலுக்கு ஞாயிறுதோறும் போனேன். காணிக்கைக்கு விற்கும் தகட்டு உருவங்களில் வாய் உருவத்தை மட்டும் வாங்கினேன். பக்கத்திலேயே காது உருவமும் இருந்தது. அதைத் தொட்டால் அம்மனிடம் ஒப்புக்கொண்டதாகிவிடும்! தெய்வத்தைக்கூட ஏமாற்றப் பார்த்தேன்.

நான்கு வயதில் நர்சரிப் பள்ளி ஆசிரியை, காதைச் சோதிக்கச் சொல்லிச் சீட்டு எழுதி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட ஓர் அறையில் சுதாவுக்கு ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலுள்ள பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். அவள் மணியைக் காதருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணாடிக்கு இப்பால் நின்ற என்னைப் பார்த்தாள். போடட்டுமா என்று கேட்பதுபோல... மணி கையிலேயே இருந்தது.

"எப்போலேர்ந்து சந்தேகம்?" என்று சோதித்த அம்மாள் கேட்டார்.

"இப்பத்தான்."

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா. பேச்சு பிடிக்கிற வயசு அது."

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸிலேயே என் கணவர் அழுதார். பிறகு கோபம் வந்தது. "அந்த டாக்டர் அன்னிக்கே ஒழுங்கா பாத்திருந்தா..." குவார்ட்டர்ஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இன்றும் அந்த டாக்டரைத் திட்டுகிறார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். "நீ ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிற?" என்பார். நான் நல்லவள், யாரையும் குறை சொல்லத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்கிறார்.

சுதாவுக்கு இப்போது ஏழு வயது. நெஞ்சில் சட்டைக்கு மேல் காது கேட்கும் கருவியின் சிறு பெட்டி, அதிலிருந்து காதுகளுக்கு வயர். தினமும் பூந்தமல்லி வழியாக இரண்டு பஸ் மாறி அவளைச் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். அவளைவிடச் சின்னக் குழந்தைகள், சீக்கிரம் வந்து சேர்ந்தவர்கள், வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறார்கள். சுதா சொல் சொல்லாகத்தான் எடுக்கிறாள். அந்த இரண்டு வருடம் அவளுக்கு என்ன தந்திருக்கும்? ஒருவேளை ஒன்றும் தந்திருக்காதோ? இப்படியும் கேட்டுக்கொள்கிறேன். கேட்கும்போதே தெரிகிறது, இதுவும் நான் எனக்குச் சாதகமாகத் தேடும் வாதம்தான்.

ஜூன் மாதம் வந்தால் பள்ளியில் ஒரு படிவம் தருவார்கள். அதில் ஒரு கேள்வி: குறைபாடு முதன்முதலில் தெரியவந்த வயது. ஒவ்வொரு வருடமும் "4" என்று எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் தரையில் உட்கார்ந்து இந்த வருடப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றது. இந்த முறையாவது... என்று நினைத்தேன். பக்கத்து அறையில் என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "4" என்றே எழுதினேன்.

சுதா என் தோள்மேல் சாய்ந்து படிவத்தைப் பார்த்தாள். பள்ளியில் இப்போது அவளுக்கு எண்கள் சொல்லித் தருகிறார்கள். நான் எழுதியதன்மேல் விரலை வைத்தாள். தொண்டை நரம்பு புடைக்க, கஷ்டப்பட்டு, "நா... லு" என்றாள்.

பிறகு என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து என் உதட்டையே பார்த்தாள். எதைச் சொன்னாலும் சரியா தப்பா என்று என் முகத்தில்தான் தெரிந்துகொள்வாள். அவளுக்கு வேறு வழியில்லை.

நான் தலையாட்டினேன். "சரி" என்றேன், உதடு நன்றாகத் தெரியும்படி.