தண்ணீரில் விழாத குழாய்

என் அண்ணன் முத்துக்கருப்பன் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தார். செம்பு, மாங்கனீஸ், அலுமினியம் மூன்றிலும் காந்தம் ஒட்டாது. சரியான அளவில் சேர்த்து உருக்கினால் ஒட்டும். அதற்கு ஹாய்ஸ்லர் உலோகக் கலவை என்று பெயர். உள்ளே அணுக்கள் எப்படி வரிசையாக நிற்கின்றன, எந்தச் சூட்டில் காந்தத்தன்மை போகிறது என்பதுதான் அண்ணனின் கேள்வி.

“காந்தம் ஒட்டுதான்னு பாக்கவாடா இம்புட்டு வருசம் படிச்ச? நம்ம மாயக்காளே ஒரு நிமிசத்துல சொல்லிருவா” என்று அப்பா என்னைக் காட்டிச் சிரிப்பார்.

1983இல் பம்பாய் அணு உலையில் அண்ணனுக்கு ஒரு வாரம் ஒதுக்கினார்கள். நியூட்ரான் கதிரைச் செலுத்தினால் அந்த வரிசை தெரியுமாம். அதற்கு முன் கலவையைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, மின்உலையில் எண்ணூறு டிகிரியில் மூன்று நாள் வைத்து, எடுத்த வேகத்தில் தண்ணீரில் போட வேண்டும். மெதுவாக ஆறினால் வரிசை கலைந்துவிடும்.

குழாயை உலையில் வைத்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அப்பா வயலிலேயே இறந்துபோனார். உலையை அணைக்காமல் அண்ணன் அலங்காநல்லூருக்கு ஓடிவந்தார். சனிக்கிழமை கொள்ளி வைத்தார். ஞாயிறு காலை பால் தெளித்ததும் மொட்டைத் தலையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

“அப்பன் சாம்பல்கூட ஆறலையேடா!” என்று சித்தப்பா கத்தினார்.

“சாயந்தரம் பம்பாய் ரயிலு சித்தப்பா. இதை விட்டா ஒரு வருசம் ஆகும்.”

போய்ப் பார்த்தால் உலை சில்லிட்டுக் கிடந்தது. வாட்ச்மேன் பேயாண்டி கண்கலங்கி நின்றார்.

“துட்டி வீட்டுக்காரக மூட்டுன நெருப்பு எரியலாமா தம்பி? நீங்க அழுதுக்கிட்டே ஓடுனீக. மறந்துட்டீகன்னு நாந்தேன் அன்னைக்கே அமத்துனேன்.”

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவருவார்கள்.

அண்ணன் குழாயை உடைத்துக் காந்தத்தைக் காட்டினார். துண்டு பட்டும் படாமல் ஒட்டிக் கீழே விழுந்தது.

“நல்லதுதாண்ணே செஞ்சீக” என்று மட்டும் சொல்லிவிட்டு, ரயில் ஏறாமல் ஊருக்குத் திரும்பி வந்தாராம்.

கருமாதிக்கு முன்பே அவருடைய உதவித்தொகைக் காலம் முடிந்தது. வயலும் அம்மாவும் நானும் அவர் பொறுப்பானோம். பிறகு சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சோதிக்கும் வேலைக்குப் போனார்.

ஒரு பொங்கலுக்குப் பேயாண்டி வீட்டுக்கு வந்திருந்தார்.

“அன்னைக்கு அமத்தலேன்னா அப்பாவுக்குக் குத்தமாகியிருக்கும்ல தம்பி?”

“ஆமாண்ணே” என்று அண்ணன் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் பொங்கல் வைத்தார்.