அப்பாவுக்கு வாங்கிய இடம்

என் தம்பியின் சவப்பெட்டி ரயில் பட்டறையில் செய்தது. அப்பா ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்பதால், பட்டறைத் தச்சர் நல்ல பலகையாகப் பார்த்து இழைத்து, வெள்ளைச் சாயம் அடித்து, மூடியில் ஒரு சிலுவையும் செதுக்கிக் கொடுத்தார். தம்பிக்கு அப்போது மூன்று வயது, எனக்குப் பத்து. அந்த மழைக்காலத்தில் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் விஷக்காய்ச்சல். எங்கள் சபை உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கர்த்தர் தம் தோட்டத்துக்கு ஒரு மலரைப் பறித்துக்கொண்டார் என்று பிரசங்கம் செய்தார். மணி அடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். பிள்ளைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இருக்கட்டும் என்று அப்பா கல்லறைத் தோட்டத்தில் இன்னோர் இடமும் வாங்கி வைத்தார்.

சில நாள் கழித்து, அதே காய்ச்சலில் கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒரு கைக்குழந்தை செத்தது. ரயில் பாதையில் கல் சுமக்கிறவளின் பிள்ளை. அவளும் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள்தான். ஆனால் கழுத்தில் தாலி இல்லை. கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அவளோடு இருந்தவன், கிள்ளானுக்குப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவனும் எங்கள் சபை என்பதால், அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அறிவித்தவர் இதே உபதேசியார்தான். நிறைமாத வயிற்றோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டாள். தடை சொல்ல யாரும் உண்டோ என்று அவர் கேட்டபோது அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் யார் காதில் வாங்கியிருப்பார்கள்?

பிள்ளை செத்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில், சோப்புப் பெட்டியில் பிள்ளையைக் கிடத்தி அவள் கோயிலுக்குள் கொண்டுவந்தாள். உபதேசியாருக்கு மலரும் தோட்டமும் மறந்துபோயின. இது நியாயத்தீர்ப்பு என்றார். ஊருக்குள் காய்ச்சல் வந்ததே இப்படிப்பட்ட பாவத்தால்தான் என்றார். சபைக்கு முன் முழந்தாளிட்டு அறிக்கை செய்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம். இல்லையென்றால் ஆற்றங்கரையில் புதைத்துக்கொள்ளட்டும். மூப்பர்கள் தலையாட்டினார்கள். அந்த மூப்பர்களில் என் அப்பாவும் ஒருவர்.

இதை எழுதும் எனக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. நியாயத்தீர்ப்பு உண்டு என்று நானும் நம்புகிறேன். பாவம் உண்டு என்பதற்கு அன்று அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்தவர்களே சாட்சி. ஆனால் கிராணி வீட்டுப் பிள்ளை செத்தால் மலர், கூலிக்காரியின் பிள்ளை செத்தால் தண்டனை என்று பங்கு போட்டுக் கொடுக்கும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது? பாவிகளோடு பந்தியில் உட்கார்ந்தவரை ஆராதிக்கிறவர்கள், ஒரு சிசுவுக்கு மூன்றடி மண் கொடுக்க யோசித்தார்கள். போன வாரம்கூட, வெள்ளத்தில் வீடிழந்தவர்களைப் பற்றி ஒரு போதகர் இதையே பேசக் கேட்டேன். இவர்கள் மாறவே மாட்டார்கள்.

அவள் முழந்தாளிடக் குனிந்தாள். பிள்ளைக்காக எதையும் செய்திருப்பாள். அப்போது அம்மா எழுந்தாள். தம்பி போன பிறகு அன்றுதான் கோயிலுக்கே வந்திருந்தாள். நேரே போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஐயா, என் புள்ளையும் இந்தக் காச்சல்லதான் போனான். அவன் எந்தப் பாவத்துக்குப் போனான்? சொல்லுங்க, நான் மொதல்ல முட்டி போடுறேன்."

"கிராணியம்மா, அது வேற…" என்று உபதேசியார் இழுத்தார்.

"என்ன வேற? அந்த ஆளுக்கு ஓலை வாசிச்சீங்களே, அவன முட்டி போடச் சொன்னீங்களா?"

அப்பா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு வாங்குன எடம் சும்மாதான கெடக்கு. அதுல வைக்கிறேன். நம்ம எடத்துக்கு இவங்க உத்தரவு வேணாம்."

சபைக்கு முன் மனைவியோடு வழக்காட அப்பாவுக்கு வெட்கம். மணியும் பாட்டும் இல்லாமல், தம்பிக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தையை அடக்கம் செய்தோம். குழி வெட்டுகிறவர், அம்மா, அவள், நான், அவ்வளவுதான் கூட்டம். "தீர்ப்பு உம்முடையது ஆண்டவரே, எங்களுக்கு அது வேணாம். புள்ளைய வாங்கிக்கும்" என்று அம்மா ஜெபித்தாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இதயம் பலவீனம் என்று டாக்டர் பயமுறுத்திய பிறகுதான் பேச்செடுத்தார். மகன் பக்கத்தில் படுக்க ஆசை வந்துவிட்டது. அந்தக் குழந்தையின் எலும்பை எடுத்து மதிலோரம் வைக்கச் சொல்லிச் சபையில் கேட்கலாமா என்றார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"பெத்தவ உசுரோட இருக்கா. கிள்ளான் பாசார்ல காய்கறி விக்கிறா. அவளப் போய்க் கேளுங்க. அவ சரின்னா எடுங்க."

கிள்ளானுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அப்பாவிடம் இலவசப் பாஸ் இருந்தது. அதற்குப் பின்னும் இரண்டு வருஷம் நடமாடிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறுகூடக் கோயிலுக்குத் தவறவில்லை. கிள்ளானுக்கு மட்டும் போகவில்லை.

அவரை மகனுக்கு மூன்று வரிசை தள்ளி அடக்கம் செய்தோம். செய்தி கேட்டு, டிக்கெட் எடுத்து, அவள் கிள்ளானிலிருந்து வந்து மண் போட்டாள்.