கொடிக்காலுக்குப் போன தண்ணீர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில்தான் எங்கள் வரிசை வீடுகள். பக்கத்து வீட்டு ஐயாவு அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். கொல்லையில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருக்கிறார். அதற்குள் யாரும் செருப்போடு நுழையக்கூடாது. வீட்டுக்குள் வேண்டுமானால் போகலாம், ஒன்றும் சொல்லமாட்டார்.

இந்த வறட்சியில் குழாய் வற்றி, லாரியில்தான் தண்ணீர் வருகிறது. வீட்டுக்கு ஒரு டிரம். அரிசி கழுவிய தண்ணீர் கொடிக்கு நல்லது என்று அண்ணன் மூன்று வேளையும் சோறாக்கச் சொன்னார். அரிசி கழுவ வேலையில்லாத மீகூன் சேமியா வாங்கி வந்தால் முகம் கோணிவிடும். அவர் மனைவி அஞ்சலை அக்கா குளிக்கப் போனால் வெளியே காவல் நிற்பார்.

"கொஞ்சமா ஊத்துலா, கொடி வாடுது."

"நானுந்தான் வாடுறேன்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

அண்ணன் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசையில் இருக்கும் தேவன் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலத்துக்கு வெற்றிலை தன் பொறுப்பு என்று ஊரறியச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீர் சும்மா இருந்தது. அண்ணனுக்கு மனசு கேட்குமா? சளி பிடித்த மூக்கோடு தூக்கிப் போய், நன்றாகத் தழைத்திருந்த வரிசையில் ஊற்றிவிட்டார்.

அக்கா வந்து பார்த்து, "அது கருவாடு ஊறவச்ச தண்ணிங்க" என்றார்.

அண்ணன் அப்படியே குந்திவிட்டார். உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். இருந்தது அன்று வந்த டிரம் மட்டும். அடுத்த லாரி சனிக்கிழமைதான். டிரம்மையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கைலியைத் தூக்கிச் செருகினார். சமையலுக்கும் குடிக்கவும் இரண்டு குடம் எடுத்து வைத்துவிட்டு, மீதியை அவரே மொண்டு மொண்டு ஊற்றினார்.

"நீ குளிக்கணுமே" என்றார் அண்ணன், மெதுவாக.

"நான் நாறினா ஒண்ணும் ஆகிடாது. சபையில வெத்தல இல்லன்னா நீங்கதான் தலைகுனிஞ்சு நிப்பீங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சற்று நேரத்தில் அண்ணன் காலி வாளியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனிதர்.

"ஒரு வாளி தண்ணி கிடைக்குமா தம்பி? கொடிக்கு இல்ல."

நிறைத்துக் கொடுத்தேன். கொல்லை வழியாகத்தான் தூக்கிப் போனார். வாடிக் கிடந்த கொடிகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளியை நேரே குளியலறையில் வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.