ராஜாமணியின் அறுபத்து நாலு ஆன்டெனா

என் மகன் ராஜாமணி இருங்காட்டுக்கோட்டையில் என் தங்கை மகன் கோதண்டம் நடத்திய கொட்டகையில் ரேடார் வேலை பார்த்தான். பின்னால் தரிசில் அறுபத்து நாலு ஆன்டெனாவை வரிசையாக நட்டிருந்தார்கள். ரேடார் என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது சுற்றாது. ஒவ்வொரு ஆன்டெனாவும் தனக்கு வரும் அலையைத் தனித்தனி எண்ணாகக் கொடுக்கும். எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அதற்கேற்ப அந்த எண்களை நேரத்தில் முன்னே பின்னே தள்ளிக் கம்ப்யூட்டர் கூட்டிக்கொள்ளும். ஒரே அலைவரிசை என்றால் சுலபம். பல அலைவரிசையை ஒன்றாகப் பிடிக்கப் போனால் கணக்கு மலையாகக் குவிந்து கம்ப்யூட்டர் திணறும். ராஜாமணி ஒரு வழி கண்டான்: எட்டெட்டாக முதலில் சேர்த்துவிட்டு, அந்த எட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் நுணுக்கமாகத் தள்ளுவது. சாப்பிடும்போதுகூட அதே பேச்சு.

தொண்ணூற்றொன்று ஜூனில், பணமும் கம்ப்யூட்டரும் கொடுத்தவர்கள் வந்து பார்க்கும் சோதனை. தேறாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு.

ஆன்டெனாக்களிலிருந்து வரும் எல்லாக் கேபிளிலும் அலை ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். இரவல் வாங்கிய கருவியோ ஒரே அலைவரிசையில்தான் அளக்கும். அதில் ஒத்துப்போகும்வரை கேபிள்களை வெட்டி, சுருட்டிக் கட்டினான். சோதனையன்று அந்த அலைவரிசையில் இலக்கு ஊசிமுனையாய்த் தெரிந்தது. மற்றவற்றில் கலங்கிவிட்டது. வந்தவர்கள், கணக்கே தப்பு என்று சொல்லிக் காரேறினார்கள்.

மறுநாள் கேபிள்களைப் பிரித்துத் தரையில் நீட்டினான். ஒரு கட்டு மட்டும் சாண் நீளம் கூடுதல். சரியாக ஓர் அலையின் நீளம். முள் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினாலும் கடிகாரத்தில் அதே இடத்தில்தானே நிற்கும்? கருவி வித்தியாசம் காட்டவில்லை. மற்ற அலைவரிசைகளில் அலையின் நீளம் வேறு, அங்கேதான் உதைத்தது.

கோதண்டத்திடம் ஓடினான். என்னை வராதே என்றான், கேட்காமல் பின்னாலேயே போனேன்.

“அண்ணே, கேபிள்தான் தப்பு. வழி தப்பில்ல. இன்னொரு தபா வெச்சுப் பாக்கலாம்.”

“இன்னாத்த வெச்சுப் பாக்குறது? கம்ப்யூட்டர காலைலயே லாரில ஏத்திட்டானுங்க.”

“போன் போட்டு சொல்லேன்பா, வெரலா தேஞ்சிடும்?” என்றேன்.

“சொன்னேன் பெரிம்மா. தோத்தவன் இப்டித்தான் சொல்லுவான்னு சிரிக்கிறாங்க.”

இப்போது படப்பையில் டிவி ரிப்பேர் பார்க்கிறான். ஒருமுறை எங்கள் வீட்டு மாடிப்படியில் அவன் ஏறும்போது, ரேடார்காரன் வருகிறான் என்று யாரோ கேலி செய்தார்கள். கேலி செய்தவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். யார் கேட்டாலும் கேபிள்தான் தப்பு என்பேன்.

போன வாரம் அவனிடமும் அதையே சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி இருந்தான்.

“நீ சொன்னா சரியாய்டுமாம்மா? ஒருவேள அவங்க சொன்னதுதான் சரியோ இன்னாவோ.”