பட்டியலில் நான்காவது பெயர்

முப்பத்திரண்டு வருடம் திண்டுக்கல்லில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தேன். புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றேன். வேலை எப்படிக் கிடைத்தது என்று இளவட்டங்கள் கேட்டால், "எல்லாம் சாமர்த்தியந்தேன்" என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். அந்தச் சாமர்த்தியத்தின் லட்சணத்தை இப்போது எழுதிவிடுகிறேன்.

1. இன்டர்வியூ நடந்த லட்சணம்

நயா பைசா வந்த புதிது. எனக்கு அது மூன்றாவது இன்டர்வியூ. எங்கள் ஊர் எரியோட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா, "இந்தத் தடவையும் சும்மா திரும்பி வந்தயின்னா நாளையிலருந்து காட்டுக்கு வந்துரு. படிச்சுக் கிழிச்சது போதும்" என்று சொல்லியிருந்தார். காட்டு வேலை கேவலம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது வராது, அவ்வளவுதான். மண்வெட்டி பிடித்தால் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும்.

ஒன்பது மணிக்கு வரச்சொல்லிக் கார்டு போட்டிருந்தார்கள். போனால் கல்யாண வீட்டுக் கூட்டம். டிரைவர், லோடுமேன், கிளார்க் மூன்று வேலைக்கும் ஒரே நாளில் ஆட்களை வரச்சொல்லிவிட்டார்கள். போதாத குறைக்கு வெங்காய மூட்டையோடு இரண்டு லாரிகள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. மேனேஜர் குடோனுக்கும் ரூமுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு டிரைவரை உள்ளே உட்காரவைத்துக் கூட்டல் கணக்குப் போடச் சொன்னாராம். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பத்தரை மணி வரைக்கும் பார்த்தேன். பிறகு பொறுக்காமல், சர்ட்டிபிகேட் வைத்திருந்த கவரின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, எந்த வேலைக்கு யார் யார் என்று கேட்டு எழுத ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டை, கையில் பென்சில். என்னை ஆபீஸ் ஆள் என்றே நினைத்துவிட்டார்கள். "சார், எப்பக் கூப்பிடுவாக?" என்று கேட்டார்கள். அதற்கு முன் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நானும் இல்லை என்று சொல்லவில்லை.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார்.

"யாருய்யா நீ?"

"கிளார்க் வேலைக்கு வந்திருக்கேன் சார்."

"இந்தக் கூட்டத்துல உனக்குத்தேன்யா மண்டையில ஏதோ இருக்கு. நீயே வரிசையா ஒவ்வொரு ஆளா உள்ள அனுப்பு."

2. ஏழாவது ஆள்

கிளார்க் வேலைக்கு என்னையும் சேர்த்து ஏழு பேர். அதில் முதலில் வந்து காத்திருந்தவன் நாகராஜன். சின்னாளபட்டி, தறிக்காரர் வீடு. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான்.

"ரெண்டு வருஷமா ஒரு சேலைக் கடையில மூட்டை மூட்டையா பேல் கட்டி லாரிக்கு அனுப்புற வேலைதேண்ணே பாத்தேன். கடைய மூடிட்டாக. வீட்டுல ஒத்தத் தறி, ஆறு பேரு சாப்பிடணும். வே பில் எழுதுறது எனக்கு அத்துபடி. நீங்கதேன் செத்த சீக்கிரமா அனுப்பிவிடணும்."

லாரிச் சரக்குக்கு எழுதும் அந்த வே பில் சீட்டு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இவன் உள்ளே போனால் வேலை இவனுக்குத்தான். சரி தம்பி என்று தலையாட்டிவிட்டு, அவன் பேரை ஏழாவதாக எழுதினேன்.

என் முறை வந்தபோது மேனேஜர் ஒரு வே பில்லை எழுதச் சொன்னார். அனுப்புகிறவர் பேர் எழுத வேண்டிய இடத்தில் பெறுகிறவர் பேரை எழுதினேன். "அதெல்லாம் பழகிக்கிரலாம்" என்றார். அடுத்த இருவரும் போய் வந்தார்கள். மணி ஒன்றரை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னும் ஆளு இருக்கா?"

அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எடை போடும் தராசுப் பலகையின் ஓரத்தில் நாகராஜன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தன்னைத்தான் கூப்பிடப்போகிறேன் என்று எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"இல்ல சார்" என்றேன்.

"அப்ப நாளைக்கே வந்து சேந்துரு. இம்புட்டுக் கூட்டத்த ஒரு சண்டை சச்சரவு இல்லாமச் சமாளிச்ச பாரு, அதுக்குத்தேன் உனக்கு வேலை."

வெளியே வந்து நாகராஜனிடம், "ஆள் எடுத்தாச்சாம் தம்பி. உன் பேர எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், நேரமாச்சுன்னுட்டார்" என்றேன். "பரவால்லண்ணே, எனக்காகச் சொன்னீகளே" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். காலையிலிருந்து அவன் ஒரு டீகூடக் குடிக்கப் போகவில்லை. அந்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து உட்கார்ந்திருந்தான்.

3. கவுண்டரில்

எட்டு மாதம் கழித்து அவன் இரண்டு பேல் சேலையோடு கவுண்டருக்கு வந்தான். வேறு யாரோ வியாபாரியிடம் கூலிக்குச் சேர்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, என்னைய நெனவிருக்கா? அன்னைக்கு இன்டர்வியூவுல எனக்காக..."

பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

"இது என்ன சத்திரமா, நின்னு கதை பேச? பேலத் தூக்கித் தராசுல வையி. பின்னாடி ஆளு நிக்குதுல்ல?" என்று கத்தினேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. பேலைத் தராசில் வைத்துவிட்டு வே பில்லை எழுதி நீட்டினான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எட்டு மாதம் வேலை பார்த்த எனக்கு அப்படி எழுத வராது. அதற்குப் பிறகு அவன் எங்கள் ஆபீஸுக்கு வரவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு லாரி ஆபீஸில் அவன் பேல் இறக்குவதைப் பார்ப்பேன். தெருவைக் கடந்து போய் நாலு வார்த்தை பேச எனக்கு முகமில்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன.

நான் மேனேஜரான பிறகு இன்டர்வியூ நடத்தினால், ரூமில் இருந்துகொண்டு ஆள் இருக்கா என்று யாரிடமும் கேட்க மாட்டேன். நானே வெளியே போய்த் தராசுப் பலகை வரைக்கும் பார்த்துவிட்டு வருவேன். பெரிய மனுஷத்தனம் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கூசும்.

இளவட்டங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்டர்வியூவில் குளறுபடி இருந்தால் முன்னால் போய் ஒழுங்குபடுத்துங்கள், தப்பில்லை. ஆனால் பட்டியல் உங்கள் கையில் வந்துவிட்டால் உங்கள் பேரைக் கடைசியில் எழுதுங்கள். நான் என் பேரை நான்காவதாக எழுதினேன். முதலில் எழுதியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நடுவில் இருந்தால்தான் நியாயமாகத் தெரியும் என்று யோசித்து எழுதினேன்.