கடன் பிரிவுக்கு வந்த சரித்திரம்

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. வேலைக்குச் சேர்ந்த வாரமே ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும், ஓய்வுபெறும்வரை போகாது. நான் கணக்கக்கா. பிரிவின் தலைவர் சிவப்பு மை. அவர் மேஜைக்குப் போன குறிப்பு எதுவும் காயமில்லாமல் திரும்பி வந்ததில்லை. என் எதிர் இருக்கைக்காரர் அப்பவே. எது நடந்தாலும் "அப்பவே சொன்னேன்" என்பார். மழை பெய்தால்கூட அவர் அப்பவே சொன்னதாகத்தான் இருக்கும். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவள் சரித்திரம்.

அவள் உண்மையிலேயே சரித்திரம் படித்தவள். ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். சேர ஆளில்லை என்று அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். எங்கள் நிதி நிறுவனத்தில் கடன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டிருந்தாள். எந்தப் பட்டப்படிப்பும் சரி என்று விளம்பரத்தில் போட்டுத் தொலைத்திருந்தார்கள். சரித்திரம் படித்த ஒருத்தி வருவாள் என்று போட்டவர்களே எதிர்பார்க்கவில்லை.

நேர்காணலில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ராஜாக்களுக்கும் வட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நிறைய ராஜாக்கள் அழிஞ்சதே கடன் வாங்கிப் போருக்குப் போனதாலதான் சார். கடன் கொடுத்தவன் கதையை யாரும் கேக்கறதில்லை. நான் அதைத்தான் படிச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஒரு வருடம் சோதனைக் காலம், அதற்குள் தேறினால் நிரந்தரம் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்துக் கணக்குப் பரீட்சை எழுதி வந்தவள். ஒரு பதிலில் ஒருத்தி உள்ளே நுழைந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வந்த புதிதில் அவள் என்னை அதிகம் வருத்தப்பட விடவில்லை. எங்கள் வேலை எளிமையானது: கடன் கேட்டு வரும் கம்பெனியை ஆராய்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். கடைசி வரி 'கொடுக்கலாம்' அல்லது 'வேண்டாம்'. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் வாசிப்போம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சரித்திரத்தின் முதல் குறிப்பு, ஒரு பெயின்ட் கம்பெனியைப் பற்றியது, முதலாளியின் தாத்தா சைக்கிளில் சுண்ணாம்பு விற்ற காலத்திலிருந்து ஆரம்பித்தது. பக்கம் பக்கமாகப் போனது. கடைசி வரியைத் தேடினால், 'இரு பக்கமும் சான்றுகள் உள்ளன' என்று முடிந்திருந்தது.

"இவங்க கடன் கேட்டாங்களா, தாத்தாவுக்குச் சிலை வைக்கக் கேட்டாங்களா?" என்றார் சிவப்பு மை. "கொடுக்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்லும்மா!"

அவளால் அதுதான் முடியவில்லை. கணக்குகளைப் பிடித்துக்கொண்டாள். லாபம், தேய்மானம், ரொக்க வரவு எல்லாம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வசப்பட்டது. கடைசி வரிதான் வரவே இல்லை. ஒருநாள் சாப்பாட்டு அறையில் கேட்டே விட்டேன்.

"ஏம்மா, ஒரு வார்த்தை எழுத உனக்கு என்ன கஷ்டம்?"

"நடந்ததைச் சொல்லச் சொன்னா சொல்லிடுவேன்க்கா. நடக்கப்போறதை எப்படிக்கா சொல்றது? நாங்க அதைப் படிக்கலையே."

"நாங்க மட்டும் படிச்சோமா? தைரியமாச் சொல்றோம், அவ்வளவுதான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடித்துப்போனது. என்னத்தைச் சொல்ல, சிரிக்கிறவர்களிடம் நான் சீக்கிரம் விழுந்துவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளோடு யாராலும் குப்பை கொட்ட முடியாது. நடந்ததை யாராவது மாற்றிச் சொன்னால் பொறுக்கமாட்டாள். டீ மெஷின் வந்த பிறகுதான் மாடி கட்டினோம் என்று சிவப்பு மை ஏதோ பேச்சுவாக்கில் சொல்ல, "இல்ல சார், மாடிதான் முதல்ல" என்று புதிதாக வந்தவள் திருத்துகிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? காவலாளியையும் கூட்டிப் பெருக்கும் அம்மாவையும் தனித்தனியாக விசாரித்திருக்கிறாள். "ஒருத்தர் சொன்னதை மட்டும் வச்சு எதையும் எழுதக்கூடாதுக்கா. ரெண்டு பேராவது சொல்லணும். எங்க வாத்தியாரம்மா உயிரை எடுப்பாங்க."

இப்படிப்பட்டவளின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டாவது மாடியில் இரண்டு அறை. அவளும் அப்பாவும் மட்டும். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தெருவில் பஸ் போகும்போதெல்லாம் வலது காலை லேசாக அழுத்திக்கொண்டிருந்தார். அந்த வளைவில் பிரேக் போட வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, உட்காருங்க. வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா. வந்ததும் டீ போடச் சொல்றேன்."

அந்த அம்மா இறந்து பல வருடம் ஆகிறது என்று சரித்திரம் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அலட்டிக்கொள்ளாமல், "வர நேரமாகும்பா. நானே போடறேன்" என்று அடுப்படிக்குப் போனாள். டீ மெஷினுக்கும் மாடிக்கும் சண்டை போட்டவள்தான் இவள்.

அடுப்படியில்தான் மீதியைச் சொன்னாள். இந்த வேலை நிரந்தரம் ஆகவில்லையென்றால் அவளுக்கு இருப்பது ஒரே வழி: வெகுதூரத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடம், அங்கேயே தங்கிக்கொள்ள அறை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் புது இடத்தில் அவர் இன்னும் தொலைந்துபோவார். விட்டுவிட்டுப் போனால் பார்க்க யாருமில்லை.

"இங்கே மூலைக்கடைக்குப் போய்ட்டு அவரே வந்துடுவார்க்கா. வழியில எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவருக்கு இந்தத் தெரு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் நான் பிடுங்கக்கூடாது."

"அப்ப கடைசி வரியை எழுதித் தொலையேன்!" என்றேன். கோபம் அவள்மேல் இல்லை. ஆனால் அவள்தானே எதிரில் நின்றாள்.

எழுதினாள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவைக் கம்பெனி, புது இயந்திரங்களுக்குக் கடன் கேட்டிருந்தது. அவள் நேரில் போய், சோப்பு நுரைக்கு நடுவில் நின்று எல்லோரிடமும் பேசிவிட்டு வந்தாள். அந்த வெள்ளிக்கிழமை சிவப்பு மை குறிப்பைத் திருப்பி, கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார்: "கொடுக்கலாம்." அறையில் கைதட்டினார்கள். எல்லோரும் தலையாட்டி, கடனும் கொடுத்தாகிவிட்டது.

சோதனைக் காலம் முடியப்போகிற நேரத்தில் அந்தச் சலவைக் கம்பெனி கவிழ்ந்தது. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரான ஆஸ்பத்திரி, தன் வளாகத்திலேயே சொந்தச் சலவைக்கூடம் திறந்துவிட்டது. புது இயந்திரங்கள் துவைக்கத் துணியில்லாமல் நின்றன.

கூட்டம் கூடியது. கடன் மூழ்கினால் எங்கள் அறையில் வழக்கமாக ஓர் அதிசயம் நடக்கும். தலையாட்டிய அத்தனை பேருக்கும் திடீரென்று, தாங்கள் தலையாட்டவே இல்லை என்பது ஞாபகம் வரும். முதலில் ஆரம்பித்தவர் அப்பவே. "எனக்கு அப்பவே மனசுக்குச் சரியாப் படலை." இன்னொருவருக்கும் படவில்லையாம். அந்தக் கம்பெனிக்காரர் கைகுலுக்கியபோதே ஒரு மாதிரி இருந்ததாம் மற்றொருவருக்கு. எனக்கு அவர்கள் வாயில் ஒரு சோப்பைத் திணிக்க வேண்டும்போல் இருந்தது.

சிவப்பு மை அவள் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "உனக்கும் சந்தேகம் இருந்திருக்கும் இல்லம்மா? எப்பவும் ரெண்டு பக்கமும் பார்க்கறவதானே நீ. நாங்க அவசரப்படுத்தினதால எழுதிட்ட. அப்படித்தானே?"

அவர் கதவைத் திறந்துவிடுகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 'ஆமாம் சார்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பழி எல்லோர்மேலும் பரவிக் காற்றோடு போய்விடும். மேஜைக்கடியில் நான் அவள் காலை மிதித்தேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டிருந்த அந்த மனுஷன்தான் என் கண்முன் நின்றார்.

"இல்ல சார்" என்றாள். "அன்னிக்கு எனக்குச் சந்தேகம் இல்லை. முழுசா நம்பினேன். இன்னிக்கு யோசிச்சா சந்தேகப்பட்ட மாதிரி எனக்கே தோணுது. ஆனா அது இன்னிக்கு வந்த சந்தேகம்."

அவளே தொடர்ந்தாள்.

"தப்பு எங்கேன்னா, நான் சலவைக்காரங்ககிட்ட மட்டும்தான் பேசினேன். 'ஆஸ்பத்திரி எங்களை விட்டுப் போகாது'ன்னு அவங்க சொன்னாங்க, எழுதிட்டேன். ஆஸ்பத்திரியில போய் ஒரு வார்த்தை கேக்கலை. ஒருத்தர் சொன்னதை மட்டும் வச்சு எழுதக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். அந்தக் கடைசி வரியை எழுதிடணும்கிற அவசரத்துல நானே மறந்துட்டேன்."

சிவப்பு மை காகிதங்களை அடுக்கினார். "சரி, போகலாம்" என்றார். வெளியே வந்ததும் அவளைக் கழிவறைக்கு இழுத்துப் போய் நன்றாகத் திட்டினேன். உன் நேர்மையைக் கொண்டுபோய் உடைப்பில் போடு, அப்பாவை நினைத்தாயா என்று கேட்டேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள். "நினைச்சுக்கிட்டேதான்க்கா சொன்னேன்" என்றாள். என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

அடுத்து வந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள். மேஜை இழுப்பறையையும் காலி செய்யத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் சிவப்பு மை தன் அறையிலிருந்து எழுந்து வந்தார், எங்கள் பக்கமே வராத மனிதர். அவள் மேஜைமேல் ஒரு உறையை வைத்தார்.

"இனிமே ஒவ்வொரு குறிப்புலயும் கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி வேணும். இன்னிக்கு நமக்கு எது தெரியலைங்கறதை எழுதணும். எல்லாரும்தான். எப்படி எழுதறதுன்னு நீ சொல்லிக் கொடு." இரண்டடி போய்த் திரும்பினார். "மாடிதான் முதல்ல. நேத்து விசாரிச்சேன்."

உறைக்குள் பணி நிரந்தர ஆணை இருந்தது. அவள் அதை வாசித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூச்சமில்லாமல் அழுதேன். எதிர் இருக்கையிலிருந்து குரல் வந்தது: "அப்பவே சொன்னேன்ல, இந்தப் பொண்ணு நிப்பான்னு!" அன்றைக்கு மட்டும் அவரை மன்னித்துவிட்டேன்.

சாயங்காலம் இனிப்பு வாங்கிக்கொண்டு இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். எதிர்வீட்டு அம்மா ஒருவர் அவள் அப்பாவுக்குத் துணையாகப் பேசிக்கொண்டிருந்தார். சரித்திரம் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, வேலை நிரந்தரமாயிடுச்சு. நாம எங்கேயும் போக வேண்டாம்" என்றாள்.

அவருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. எங்களிடம் பெருமையாகத் திரும்பினார்.

"அப்பவே சொன்னேன் இவகிட்ட. சரித்திரமெல்லாம் வேண்டாம், கணக்கு படின்னு. வீட்ல எல்லாரும் சரித்திரம், சரித்திரம்னு குதிச்சாங்க. நான்தான் விடலை. கணக்கு படிச்சதாலதானே இன்னிக்கு இந்த வேலை!"

என் வாய் என்னையறியாமல் திறந்தது. அவள் கண்ணாலேயே என்னைத் தடுத்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "நீங்கதான் சொன்னீங்க."

அவர் மகள் தலையில் கைவைத்துத் தடவினார். அவள் அப்படியே குனிந்து கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் கிளம்பியபோது வழியனுப்பப் படிவரை வந்தாள். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டு ஞாபகம் வச்சுக்கோங்க. கணக்கு படின்னு ஒத்தக்கால்ல நின்னது அத்தையும் சித்தப்பாவும்தான். அம்மாகூட அவங்க பக்கம். சரித்திரம் படிச்சா சோறு போடுமான்னு கேட்டாங்க. அப்பா ஒருத்தர்தான், 'அவ ஆசைப்பட்டதைப் படிக்கட்டும், சோறு நான் போடறேன்'னு எழுந்து நின்னார். என் படிப்பு முடியறவரைக்கும் டபுள் டூட்டி பார்த்தார். ராத்திரி வண்டியை விட்டுட்டு வந்து, நான் அன்னிக்கு என்ன படிச்சேன்னு கேட்டுட்டுத்தான் தூங்குவார்."

"இதை அவர்கிட்டயே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னா, தன் பொண்ணைப் பத்தியே தனக்கு மறந்துபோச்சேன்னு பயந்துடுவார்க்கா. வேண்டாம். மத்தவங்களும் இப்ப உயிரோட இல்லை. அவருக்கே போயிடுச்சுன்னா, அது தெரிஞ்சவ உலகத்துலேயே நான் ஒருத்திதான். ஒருத்தர் சொன்னா போதாதேக்கா. ரெண்டு பேராவது வேணும்."

உள்ளேயிருந்து அவர் அவளைக் கூப்பிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். வளைவில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் அவர் தெரிந்தார், பக்கத்தில் அவளும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவள் சரித்திரம் படித்தது அவள் அப்பாவால். அது இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.